முதல் போல்ட்டை 5 மீட்டரில் வைத்துவிட்டு ‘புதியவர்களுக்கு ஏற்றது’ என்று எழுதாதீர்கள்

ஆல்ப்ஸ் மலைகளில் பாறையேற்றத் தளங்களை அமைத்துப் பராமரிக்கும் மலைச் சங்கக் கிளைகளுக்கும், அவற்றை விளம்பரம் செய்யும் சுற்றுலா அலுவலகங்களுக்கும், தளங்களின் வழிப்படங்களை வெளியிடுவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

சென்ற கோடையில், ஒரு பாறையில் போல்ட்களை (ஏறுபவரின் கயிற்றை மாட்டப் பாறையில் துளையிட்டுப் பதிக்கும் ஆணிகளை) கூட்டச் சொல்லி உங்களில் ஒரு தரப்புக்கு நான் எழுதிய கடிதத்துக்கு மூன்று வரியில் பதில் வந்தது. நான் குறிப்பிட்ட பாறையில் உள்ள வழிகள் எதுவும் 4-ஆம் தரத்தைத் தாண்டவில்லை (தரம் என்பது ஏறும் கடினத்தின் அளவு; எண்ணும் எழுத்தும் கூடினால் கடினமும் கூடும்). 4-ஆம் தரத்தில் யாரும் விழுவதில்லை. ஆகவே போல்ட்களைக் கூட்டும் எண்ணம் இல்லை. அவ்வளவுதான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இந்தப் பருவம் தொடங்கியபோது அதே பாறையின் அடியில் புதுப் பலகை ஒன்று முளைத்திருக்கிறது. குடும்பங்களுக்கும், முதன்முதலாக லீட் ஏறுபவர்களுக்கும் மிகவும் உகந்த இடம் என்று நான்கு மொழிகளில் எழுதியிருக்கிறது. லீட் என்றால், மேலிருந்து தொங்கும் கயிறு இல்லாமல், ஒவ்வொரு போல்ட்டிலும் கயிற்றை மாட்டிக்கொண்டே ஏறுவது. பாறையில் ஒரு போல்ட்கூடக் கூடவில்லை. இதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

இந்த மடலின் சாரத்தை உங்கள் மொழிகளில் தனியாக அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உள்ளரங்கச் சுவர்களில் பழகிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களை இப்போது அங்கங்கே பார்க்கிறேன். உங்கள் பலகையை நம்பி அடுத்த கோடையில் வரப்போகிறவர்கள் அவர்கள். அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

உங்கள் எல்லோர்மேலும் பழி போடுவது என் நோக்கமல்ல. ஆனால் எனக்கு வந்த பதில் ஒரே ஓர் அலுவலகத்தின் பதில் என்றும் என்னால் ஒதுக்க முடியவில்லை. வெவ்வேறு பள்ளத்தாக்குகளில், வெவ்வேறு மொழிகளில் இதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். கேபிள் கார் நிலையத்திலிருந்து சரளைச் சரிவின் குறுக்கே நடந்து போனால் வரும் பாறை அது. உயரம் 2000 மீட்டருக்குச் சற்று மேலே. ஏறியவள் என் நண்பரின் மகள், கல்லூரி மாணவி. ஒரு குளிர்காலம் முழுக்க உள்ளரங்கச் சுவரில் பழகி, அங்கே 6ஏ வழிகளை லீட் ஏறுகிறவள். வெளிப்பாறையில் முதல் நாள் என்பதால் 4பி-யில் தொடங்கலாம் என்றாள். யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

முதல் போல்ட் வரை சிரமமில்லாமல் போய் மாட்டினாள். இரண்டாவது போல்ட்டுக்குக் கீழே, வலது காலை வழுவழுப்பான ஒரு சிறு சரிவில் வைத்து நின்று, க்விக்ட்ராவை (போல்ட்டையும் கயிற்றையும் இணைக்கும், இரு முனையிலும் கொக்கி உள்ள சிறு நாடாவை) எட்டி மாட்டினாள். பிறகு கயிற்றை இழுத்துப் பல்லில் கவ்விக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இழுத்தாள். மேலே எங்கோ உருகிக்கொண்டிருந்த பனியிலிருந்து கசிந்த ஈரம் அந்தச் சரிவில் கோடாக இறங்கியிருந்தது. கயிறு க்விக்ட்ராவுக்குள் போவதற்குள் கால் போய்விட்டது. தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் மேசை அகலத்துக்கு ஒரு திட்டு. அதன்மேல் குதிகால் ஊன்ற வந்து விழுந்தாள். கயிறு இறுகவே இல்லை. இறுகுவதற்கு முன்பே திட்டு வந்துவிட்டது.

இடது குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தது. ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். பிலே கொடுத்தவர், அதாவது கீழே நின்று கயிற்றைப் பிடித்திருந்தவர், பல ஆண்டு அனுபவம் உள்ளவர். தானாகப் பூட்டிக்கொள்ளும் கருவி. நின்ற இடமும் சரியான இடம். உயிர் பிழைத்ததே பெரிது என்று சொல்லி எல்லோரும் ஆறுதல் தேடிக்கொண்டோம். ஆனால் ‘குடும்பத் தளம்’ என்று வழிப்படத்தில் குறித்திருந்த ஓர் இடத்தில் உயிர் பிழைத்ததை ஏன் அதிர்ஷ்டக் கணக்கில் எழுத வேண்டும்?

பிறகு அளவு நாடாவோடு போய் அளந்தேன். முதல் போல்ட் 5 மீட்டரில். இரண்டாவது 9 மீட்டரில்.

இந்த இரண்டு எண்களை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒருவரின் இடுப்பு 8 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே 9 மீட்டரில் உள்ள போல்ட்டில் கயிற்றை மாட்டப் பார்க்கிறார். கடைசியாக மாட்டியது 5 மீட்டரில். அதற்கு மேலே 3 மீட்டர் கயிறு ஓடியிருக்கிறது; விழுந்தால் அது 6 மீட்டர் விழுகை. மாட்டுவதற்காக இழுத்த உபரிக் கயிறு ஏறத்தாழ 2 மீட்டர். மொத்தம் 8. கயிறு இழுபடுவதையும், பிலே கொடுப்பவர் மேலே தூக்கப்படுவதையும் சேர்க்காமலே தரை வந்துவிட்டது. திட்டு ஏதும் இல்லாத செங்குத்துப் பாறையிலும் இதுதான் கதி. கணக்கில் ஏறுபவரின் திறமையோ வழியின் தரமோ எங்கும் வரவில்லை. போல்ட்களின் உயரம் மட்டும்தான் வந்தது. அந்த உயரத்தைத் தீர்மானித்தவர் துளை போட்டவர்.

முதல் போல்ட் 3 மீட்டருக்குள், இரண்டாவது அதிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் இருந்திருந்தால், போல்ட் இடுப்புக்கு நேரே வரும்வரை ஏறி மாட்டும் ஒருவர் விழுந்தாலும், கயிறு பிடித்தவர் கவனமாக இருந்தால், தரைக்கு மேலேயே நின்றிருப்பார். அவ்வளவு சின்ன வித்தியாசம்.

உள்ளரங்கச் சுவர்களுக்கு ஐரோப்பாவில் ஒரு தரநிலை இருக்கிறது: ஈஎன் 12572. முதல் பாதுகாப்புப் புள்ளி ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதையும், அதற்கு மேலுள்ளவை எவ்வளவு இடைவெளியில் வர வேண்டும் என்பதையும் அது வரையறுக்கிறது. பாறைக்கும் தரநிலைகள் உண்டு: ஈஎன் 959, பன்னாட்டு மலையேற்றக் கூட்டமைப்பின் யூஐஏஏ 123. ஆனால் அவை போல்ட் எவ்வளவு இழுவையைத் தாங்க வேண்டும் என்பதைப் பற்றியவை. பாறைப் பரப்பை ஒட்டிய திசையில் 25 கிலோநியூட்டன், அதாவது இரண்டரை டன் எடைக்கு நிகரான விசை. அதை எந்த உயரத்தில் அறைய வேண்டும் என்று அவை சொல்வதில்லை. அது முழுக்க முழுக்க உங்கள் கையில் விடப்பட்டிருக்கிறது. ஆகவே ‘போல்ட்கள் எல்லாம் தரநிலைப்படி உள்ளன’ என்ற பதிலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தப் பெண் விழுந்தபோது எந்த போல்ட்டின் வலிமையும் சோதனைக்கு வரவே இல்லை.

இப்போது உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். ‘4-ஆம் தரத்தில் யாரும் விழுவதில்லை.’

இதைச் சொல்கிறவர்கள் 7-ஆம் தரம் ஏறுகிறவர்கள். அவர்களுக்கு அது உண்மைதான். 4-ஆம் தரத்தை அவர்கள் ஏறுவதில்லை, நடந்து போகிறார்கள். துளைக்கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு, ‘இங்கே ஒன்று போதும்’ என்று அவர்கள் நிற்கும் இடத்தில், வாழ்க்கையில் முதன்முதலாக லீட் போகிறவர் கால் நடுங்க நிற்கப்போகிறார். 4-ஆம் தரத்தில் விழக்கூடியவர் யார் என்றால், 4-ஆம் தரம் கடினமாக இருப்பவர்தான். அவருக்காகத்தானே அந்தப் பலகை?

இதில் இன்னொரு விஷயத்தைப் பலரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். 7ஏ வழி பெரும்பாலும் செங்குத்தாகவோ வெளிப்புறம் சாய்ந்தோ இருக்கும். விழுந்தால் காற்றில் தொங்குவார்கள். 3, 4-ஆம் தரப் பாறை சாய்வானது. திட்டுகள், படிகள், துருத்தல்கள் நிறைந்தது. அந்தப் படிகள் இருப்பதால்தான் ஏறுவது எளிது. அதே படிகளில்தான் விழுபவர் மோதுகிறார். எளிய பாறையில் சுத்தமான விழுகை என்பதே அரிது. எனவே எளிய வழிக்குத்தான் போல்ட் நெருக்கமாக வேண்டும். நடைமுறை நேர்மாறாக இருக்கிறது: ஒரே தளத்தில் 6சி வழியில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு போல்ட், பக்கத்தில் 4ஏ வழியில் நான்கு மீட்டருக்கு ஒன்று. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது என்பதற்காக ஆழமான குளத்துக்குக் ‘குழந்தைகள் குளம்’ என்று யாரும் பெயர் வைப்பதில்லை. நீங்கள் பாறைக்கு அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

முடியாததை நான் கேட்கவில்லை. சுவிட்சர்லாந்தில் ‘பிளேசிர்’ என்று ஒரு பாணியே 1990-களிலிருந்து வளர்ந்திருக்கிறது: மிதமான தரம், நெருக்கமான போல்ட், உச்சியில் கயிற்றைத் தாங்க நம்பகமான ஆங்கர். உயரமான கிரானைட் பாறைகளில்கூட அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். பிரான்சில் எக்ரென் மலைத்தொடரின் அய்ல்ஃப்ருவாதில், முகாம் மைதானத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் பிள்ளைகள் லீட் பழகும் பாறைகள் இருக்கின்றன. ஷாமொனிக்கு அருகே லே கயான் பாறையில் தலைமுறை தலைமுறையாக ஏறக் கற்றுக்கொடுக்கிறார்கள். மான் பிளாங்க் எதிரே தெரிகிறது என்பதற்காக அங்கே யாரும் போல்ட்டைத் தள்ளி வைக்கவில்லை.

‘முதலில் ஏறியவரின் பாணியை மதிக்க வேண்டும்’ என்றும் ஒரு வாதம் வரும். அதை நானும் மதிக்கிறேன். கீழிருந்து மேலே ஏறியபடி, ஒரு கொக்கியில் தொங்கிக்கொண்டு கையால் துளை போட்டவர்களின் வழிகள் மலைகளில் உண்டு. அங்கே எட்டு மீட்டர் இடைவெளி இருந்தால் இருக்கட்டும், ஒன்றையும் தொடாதீர்கள். அந்த வழிகளுக்குப் போகிறவர்கள் தெரிந்தே போகிறார்கள். நான் பேசுவது மேலிருந்து கயிற்றில் இறங்கி, மின்துளைக்கருவியால் அமைத்து, சுற்றுலாக் கையேட்டில் படம் போட்டு அழைக்கும் இடங்களைப் பற்றி. அங்கே காப்பாற்ற வேண்டிய வீர மரபு எதுவும் இல்லை. எந்த இடம் எந்த வகை என்று அறிவியுங்கள். இரண்டுக்கும் ஒரே பலகை வைக்காதீர்கள்.

இனி மேல்முனை. உள்ளரங்கில் பழகியவர்கள் வழியின் உச்சியில் எப்போதும் பார்த்தது திறந்த கொக்கியையோ, திறந்து மூடும் உலோக வளையமான கேரபினரையோதான். கயிற்றைப் போட்டால் போதும், கீழே இறக்கிவிடுவார்கள். உங்கள் பாறைகளில் பல இடங்களில் மூடிய வளையம்தான் இருக்கிறது. அதில் கயிற்றைக் கோக்க வேண்டுமானால், தன்னை ஒரு நாடாவால் ஆங்கரில் பிணைத்துக்கொண்டு, கயிறு கை நழுவிக் கீழே போய்விடாமல் கட்டி, முடிச்சை அவிழ்த்து, வளையத்துக்குள் விட்டு, மீண்டும் இடுப்பில் கட்டிய ஹார்னஸில் முடிச்சிட்டு, எடையைக் கயிற்றில் போட்டுச் சோதித்து, அதன் பிறகே நாடாவைக் கழற்ற வேண்டும். 25 மீட்டர் உயரத்தில், காற்றில், ஒருவரும் பக்கத்தில் இல்லாமல். முடிச்சை அவிழ்க்கும் அந்த நிமிடத்தில் உயிர் ஒரு நாடாவில் நிற்கிறது. இதைத் தரையில் பழகாமல் ஒருவர் மேலே போகக் கூடாது என்பது சரி. ஆனால் மேலே என்ன இருக்கிறது என்று கீழே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? ஒரே தளத்தில் முதல் வழிக்குக் கொக்கி, அடுத்ததற்கு மூடிய வளையம், மூன்றாவதற்கு வெயிலில் வெளுத்துப்போன கயிற்றுத் துண்டு தொங்கும் ஒற்றை போல்ட் என்று நானே பார்த்திருக்கிறேன். மூன்றுக்கும் வழிப்படத்தில் ஒரே குறி.

மேலே போனவர் கத்துவதும் கீழே இருப்பவருக்குப் புரியாது. ஒரே பாறையில் நான்கு குழுக்கள்: ஒருவர் ‘ட்ஸு’ என்கிறார், ஒருவர் ‘செக்’ என்கிறார், இன்னொருவர் ‘ப்ளோக்கா’ என்கிறார். எல்லாம் ‘கயிற்றை இறுக்கு’ என்பதுதான். நாங்கள் தமிழில் ‘பிடி’ என்று கத்தினால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். இதற்கு நீங்கள் பொறுப்பல்ல என்பது தெரியும். ஆனால் உச்சியில் பேச வேண்டிய பேச்சு எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பதற்காகச் சொல்கிறேன். திறந்த கொக்கி இருந்தால் பேச்சே வேண்டாம்.

கயிற்றின் நீளம் அடுத்தது. இன்றும் பலரிடம் இருப்பது 60 மீட்டர் கயிறு. வழி 32 மீட்டர் என்றால், இறக்கும்போது கயிற்றின் கடைசி முனை பிலே கருவி வழியாக ஓடிப் போய்விடும். ஏறியவர் தரைக்கு மேலேயே விழுவார். முனையில் முடிச்சுப் போட்டால் அது நடக்காது. போட வேண்டும் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்லித்தருகிறார்கள். என்றாலும் ஒவ்வொரு வழியின் அடியிலும் இரண்டு இலக்கத்தை எழுதிவைக்க உங்களுக்கு ஆகும் செலவு ஒரு சின்ன வில்லை. பல தளங்களில் வழியின் பெயரை அழகாகப் பொறித்து ஒட்டியிருக்கிறீர்கள். பெயரைப் படித்து யாரும் பிழைத்ததில்லை. நீளத்தை எழுதுங்கள்.

நான் பேசுவது ஊர்ப்புறத்துப் பாறையைப் பற்றியல்ல, உயர்மலைப் பாறையைப் பற்றி. அங்கே அமைத்துவிட்டு ஐந்து வருஷம் மறந்துபோக முடியாது. குளிர்காலத்தில் சரிவில் படிந்த பனி மெல்ல மெல்லக் கீழே நகரும்போது போல்ட் தகடுகளை வளைத்துவிடுகிறது. விரிசலில் புகுந்த நீர் உறைந்து விரிந்து, சென்ற ஆண்டு கெட்டியாக இருந்த பாளத்தை இந்த ஆண்டு ஆட வைக்கிறது. துத்தநாகம் பூசிய பழைய ஆணியில் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை மாட்டிய இடங்களில் ஆணி வேகமாக அரிக்கிறது. தகடு பளபளப்பாக இருப்பதால் வெளியே தெரிவதில்லை. இன்னொன்று, இதை எங்கும் எழுதிப் பார்த்ததில்லை: தரையே இடம் மாறுகிறது. ஜூன் மாதத்தில் பாறையடியில் பனி மேடு கிடக்கும்போது துளை போட்டிருந்தால், ‘3 மீட்டரில்’ வைத்த முதல் போல்ட் ஆகஸ்ட் கடைசியில் நாலரை மீட்டரில் நிற்கும். பனிக்கும் பாறைக்கும் நடுவே உருகித் திறக்கும் பள்ளம் வேறு, விழுபவரை விழுங்கக் காத்திருக்கும்.

மலையும் நிலையாக நிற்பதில்லை. இத்தாலியில் கோர்த்தினாவுக்கு மேலே உள்ள சின்க்வே தோர்ரி, புதியவர்களும் குடும்பங்களும் நிறைந்து வழியும் பாறைத்தளம். அங்கே 2004-இல் தோரே ட்ரெஃபோர் என்ற கோபுரம் அப்படியே சரிந்து கற்குவியலானது. அதைத் தடுக்க யாராலும் முடியாது, அதற்காக யாரையும் குறை சொல்லவும் மாட்டேன். பனி உருகியதும் ஒருவர் போய்ச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, தளர்ந்த கல்லைத் தள்ளிவிட்டு, பார்த்த தேதியை எழுதிவைப்பதை மட்டும் கேட்கிறேன். நான் பார்த்த எந்தப் பலகையிலும் அந்தத் தேதி இல்லை.

மதியத்துக்கு மேல் வரும் இடிமழை பற்றியும் ஒரு சொல் இல்லை. கோடையில் காலை ஒன்பது மணிக்கு நீலமாக இருக்கும் வானம் மூன்று மணிக்குக் கறுத்துவிடும் என்பது மலைவாசிக்குத் தெரியும். உள்ளரங்கிலிருந்து வருபவருக்குத் தெரியாது. உங்கள் பலகையில் உணவகம் திறக்கும் நேரம் இருக்கிறது. மீட்பு எண் இல்லை. சுவிட்சர்லாந்தில் 1414, ஆஸ்திரியாவில் 140, எங்கும் 112 என்று எழுத எவ்வளவு இடம் பிடிக்கும்? அந்தப் பாறையடியில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. சரளைச் சரிவின் முனைவரை ஓடினால்தான் கிடைக்கிறது என்பதை விபத்து நடந்த அன்று ஓடித்தான் கண்டுபிடித்தோம்.

‘இவற்றையெல்லாம் எழுதிவைத்தால் பொறுப்பு எங்கள் தலையில் விழும்’ என்பீர்கள். நேரில் பேசியபோது ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்ன உண்மைக் காரணமும் இதுதான். இந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். பிரான்சில் வேங்க்ரோ என்ற இடத்தில் 2010-இல் பாறைப் பாளம் ஒன்று பெயர்ந்து விபத்து நடந்தது. தளத்தைப் பொறுப்பேற்றிருந்த மலையேற்றக் கூட்டமைப்பு இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று வழக்கு முடிந்தது. 2020-இல் அந்த நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பின் கூட்டமைப்பு நில உரிமையாளர்களோடு செய்திருந்த ஒப்பந்தங்களிலிருந்து விலகத் தொடங்கியது. பல தளங்கள் ஊராட்சிகளின் தலையில் விழுந்தன. 2022-இல் விளையாட்டுச் சட்டத்தைத் திருத்தி, இயற்கைத் தளங்களில் இயல்பாக உள்ள ஆபத்துக்கு உரிமையாளரைப் பொறுப்பாக்குவதைத் தளர்த்தினார்கள். அந்தத் திருத்தத்தை நான் வரவேற்கிறேன். தானாக விழுந்த கல்லுக்கு ஒரு சங்கத்தைத் திவாலாக்குவதில் நியாயம் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வழக்கு பாறை பெயர்ந்ததைப் பற்றியது. என் குறை நீங்கள் வைத்த போல்ட்டைப் பற்றியது, நீங்கள் எழுதிய வாசகத்தைப் பற்றியது. நான் வழக்கறிஞன் அல்ல. என்றாலும் எழுதினால் பொறுப்பு வரும் என்றால், ‘முதன்முதலாக லீட் ஏறுபவர்களுக்கு உகந்தது’ என்பதும் எழுதியதுதானே? வாக்குறுதியைப் பெரிய எழுத்தில் எழுதத் தயங்காதவர்கள், எச்சரிக்கையை எழுத மட்டும் சட்டத்தை நினைத்துக்கொள்கிறீர்கள்.

துளை போடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு முறை பழைய போல்ட்களை மாற்றும் பணியில் நானும் நாள் முழுக்க நின்றிருக்கிறேன். துளைக்கருவி, மின்கலம், ஆணிகள், கயிறு எல்லாம் முதுகில். துளை போட்டு, தூரிகையால் தேய்த்து, குழாயால் ஊதி, மறுபடி தேய்த்து, பசையைச் செலுத்தி, ஆணியைத் திருகியபடி உள்ளே தள்ள வேண்டும். ஊதும் தூள் முழுக்க கண்ணிலும் வாயிலும். குளிரில் பசை இறுகும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு வழியை முடிக்க அரை நாள் போய்விட்டது. அவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. பல இடங்களில் ஆணிக்கான காசையும் அவர்களே போடுகிறார்கள். கேபிள் கார் சீட்டு விற்கிறது, விடுதி அறை நிரம்புகிறது, சுற்றுலா அலுவலகம் சிரிக்கும் குழந்தையின் படத்தைப் போட்டுக் கையேடு அச்சடிக்கிறது. அந்தக் குழந்தை தொங்கும் போல்ட்டுக்கு மட்டும் உண்டியல் வைத்திருக்கிறீர்கள். கையேட்டின் அச்சுச் செலவில் ஒரு பங்கு இருந்தால் அந்தப் பாறையின் எல்லா எளிய வழிகளிலும் கூடுதல் போல்ட் ஏறியிருக்கும்.

ஆகவே கேட்கிறேன்.

முதலில், அந்தப் பலகை. அந்தப் பாறையில் மட்டுமல்ல, முதல் போல்ட் 3 மீட்டருக்கு மேலே இருக்கும் எந்த வழியிலும், இரண்டாவது மூன்றாவது போல்ட்டை மாட்டும்போது விழுந்தால் தரையிலோ திட்டிலோ மோத நேரும் எந்த வழியிலும், ‘புதியவர்களுக்கு ஏற்றது’, ‘குடும்பத் தளம்’, ‘முதல் லீட்டுக்கு உகந்தது’ என்ற வாசகங்களை உடனே எடுத்துவிடுங்கள். பலகை, கையேடு, வழிப்படம் எல்லாவற்றிலிருந்தும். இதற்கு நிதி வேண்டாம், கூட்டம் கூட்ட வேண்டாம். ஒரு தூரிகையும் கொஞ்சம் வண்ணமும் போதும். போல்ட் சரியான பிறகு வாசகத்தைத் திரும்ப எழுதுங்கள், நானே வந்து உதவுகிறேன்.

அடுத்து, எந்தெந்த வழிகளைப் புதியவர்களுக்கு என்று வைத்துக்கொள்ள விரும்புகிறீர்களோ, அவற்றில் போல்ட்களைக் கூட்டுங்கள். எங்கே கூட்டுவது என்று தீர்மானிக்கும்போது, அந்தத் தரம் உண்மையிலேயே கடினமாக இருக்கும் ஒருவரை டாப் ரோப்பில், அதாவது உச்சி வழியாகப் போட்ட கயிற்றில், ஏறச் சொல்லி, அவர் எங்கே நின்று மாட்ட முடிகிறது என்று பாருங்கள். குள்ளமானவரையும் சிறுபிள்ளையையும் கூப்பிடுங்கள். ஆறடி உயரக்காரர் எட்டும் போல்ட் அவர்களுக்கு எட்டாது. அந்த வழிகளின் உச்சியில் இரண்டு போல்ட்டில் பிணைத்த திறந்த கொக்கியோ கேரபினரோ வையுங்கள். தளம் முழுக்க ஒரே வகையாக இருக்கட்டும்.

வழிப்படம் வெளியிடுவோரே, தரத்துக்குப் பக்கத்தில் வழியின் நீளம், க்விக்ட்ரா எண்ணிக்கை, முதல் போல்ட்டின் உயரம், உச்சியில் இருப்பது கொக்கியா மூடிய வளையமா என்பதைச் சேருங்கள். வழியின் அழகுக்கு நட்சத்திரம் போட இடம் இருக்கிறதென்றால் இதற்கும் இடம் இருக்கும்.

சங்கக் கிளைகளே, ஒவ்வோர் ஆண்டும் பனி உருகிய பின் புதியவர்களுக்கான வழிகளை மட்டுமாவது சோதித்து, சோதித்த தேதியைப் பாறையடியில் எழுதிவையுங்கள். சோதிக்கவில்லை என்றால் ‘இந்த ஆண்டு சோதிக்கப்படவில்லை’ என்று எழுதுங்கள். அதுவும் எங்களுக்குப் பயன்படும். மீட்பு எண்ணையும், கைபேசிச் சிக்னல் கிடைக்கும் மிக அருகான இடத்தையும் அதே பலகையில் சேருங்கள். தளர்ந்த போல்ட்டைப் பார்த்தவர் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற முகவரியும் அதில் வேண்டும்.

சுற்றுலா அலுவலகங்களே, எந்தப் பாறையைக் கையேட்டில் போடுகிறீர்களோ அதன் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்குங்கள். ஒதுக்க முடியாது என்றால் அந்தப் பாறையைக் கையேட்டில் போடாதீர்கள்.

கடைசியாக, எனக்குப் பதில் அனுப்பிய தரப்புக்கு: உங்கள் பாறையின் எல்லா வழிகளிலும் முதல் மூன்று போல்ட்களின் உயரத்தை அளந்து குறித்திருக்கிறேன். அந்தத் தாள் இந்த மடலோடு உங்களுக்கு வருகிறது. செப்டம்பர் முடிவதற்குள், பாதையில் மறுபடி பனி விழுவதற்கு முன்னால், உங்களில் ஒருவர் என்னோடு அந்தப் பாறைக்கு வர வேண்டும். தேதியை நீங்களே சொல்லுங்கள். கயிறும் அளவு நாடாவும் நான் கொண்டுவருகிறேன். வர இயலாது என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள்.